அணி மாறிய பட்டிமன்றம்

எங்கள் சிட்லபாக்கத்துத் தெரு நலச்சங்கம் போன பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தது. தலைப்பு: 'உலகமயம் நமக்கு வரமா, சாபமா?' பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்று என்னை நடுவராக்கினார்கள். வரைபடம் தெரிந்தவளுக்கு உலகமயமும் தெரியும் என்று செயலாளர் நினைத்துவிட்டார்.

'வரம்' என்று பேச எதிர்வீட்டு சார். குரோம்பேட்டையில் தோல் பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர். அதைவிட மலிவாக வேறொரு நாட்டில் தைக்க ஆரம்பித்ததும் பட்டறையை மூடியவர். 'சாபம்' என்று பேச தெருக்கோடி வீட்டு அண்ணன். கீழ்க்கட்டளையில் இருந்த பரம்பரை வயலில் நான்கு மாடி ஹாஸ்டல் கட்டி, ஐ.டி. பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர். அணியை அவரவரே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"உலகமே ஒரே சந்தை! திறமை இருக்கிறவன் ஜெயிப்பான்!" என்றார் சார். அவர் மனைவியே கைதட்டவில்லை.

"அந்நியன் வந்தான், நம்ம மண்ணு போச்சு, பொழப்பே பேஜாராயிடுச்சு!" என்றார் அண்ணன்.

பின்வரிசையில் இருந்து எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் அக்கா எழுந்துவிட்டாள். "இன்னாண்ணா, மண்ணு எங்க போச்சு? அது மேலதான நாலு மாடி கட்டிக்கினு கீற? சார், உன் பட்டறைய மூடசொல்லோ ஒரு மாசம் வூட்டுக்குப் பூவே வாங்கல. இப்போ வரம்ன்ற?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மணியை அடித்து, "ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருங்க," என்று சொல்லிவிட்டேன்.

மாறினார்கள். அண்ணன் தொண்டையைச் செருமினார். "வரம்தான்."

"வேற?"

"வேற இன்னா டீச்சர், ஹாஸ்டல் ஃபுல்லா கீது." உட்கார்ந்துவிட்டார்.

சார் எழுந்தார். பிறகு உட்காரவே இல்லை. கடைசியாகப் போன பைகளை, நூலின் நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்களாம். "பிரவுன் நூல்தான் கேட்டான் டீச்சர். நான் பிரவுன்தான் போட்டேன். அவன் ஊர் பிரவுன் வேறயாம்!" மூன்று முறை மணியடித்தேன். மணியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசினார். தையல்காரர்களிடம் இனி வரவேண்டாம் என்று சொன்ன நாளுக்கு வந்தபோது குரல் உடைந்தது. அண்ணன்தான் போய்க் கையைப் பிடித்தார். "போதும் சார், வா, சாப்புடலாம்."

செயலாளர் விடவில்லை. "டீச்சர், தீர்ப்பு?"

"சர்க்கரைப் பொங்கல் ஆறுது," என்றேன். அன்றைக்கு விழுந்த கைதட்டலிலேயே அதுதான் பெரியது.

மறுநாளிலிருந்து இருவரும் சேர்ந்தே ஏரிக்கரையில் நடக்கிறார்கள். முன்பு வணக்கத்தோடு சரி. நேற்று அவர்களைக் கடந்து போனபோது காதில் விழுந்தது: சார் இன்னும் அந்த நூலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அண்ணன், "அப்பாலிக்கா?" என்று அடுத்ததைக் கேட்டுக்கொண்டே நடந்தார்.