எல்லைக் கல்லுக்கு மேலே

நண்டுகள் முதலில் வந்தது பிள்ளைமடுவத்துக்குத்தான். கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் நீள அறை அது. இரத்தோட்டைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எழுபத்தேழில் தமிழர்மேல் நடந்த கலவரத்தின் பயம் யாருக்கும் தெளியாத காலம். அன்று காலை வாசல் கூட்டப் போனவள், விளக்குமாறும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். படி முழுக்க ஓடை நண்டுகள். ஆளைக் கண்டால் கல்லுக்கடியில் ஓடி ஒளிகிற சாதி, அன்று ஓடவில்லை. கொடுக்கைத் தூக்கவும் இல்லை. விளக்குமாற்றால் தள்ளினேன். தள்ளிய இடத்தில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, மெதுவாகத் திரும்பி, மறுபடியும் வாசலை நோக்கி வந்தன.

நண்டுக்குப் பயப்படுகிறவள் இல்லை நான். சளி பிடித்த பிள்ளைக்கு நண்டு ரசம் வைக்காத வீடு லயம் என்கிற எங்கள் வரிசைக் குடியிருப்பில் கிடையாது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தபோது, அக்காவின் மகள் தூங்கிக்கொண்டிருந்த சேலைத் தொட்டிலுக்கு நேர் கீழே ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அது தானாகச் செத்துப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானத்துக்குள் லயத்து வாசல்களிலும் வந்துவிட்டன. இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி, கதவோரத்தில் நின்றன. யாரும் அவற்றைத் தொடவில்லை. முதல் நாள்தான் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்தில் ஒருவரும் கவுச்சி தொடமாட்டார்கள். வேறு ஒரு கிழமையாக இருந்திருந்தால் அத்தனை நண்டும் சட்டிக்குள் போயிருக்கும், எத்தனை பிள்ளைகள் போயிருக்குமோ தெரியாது.

ஓடைக்குப் போய்ப் பார்த்தேன். லயத்துக்குப் பின்னால், பாறையிலிருந்து பீலி வழியாகத் தண்ணீர் கொட்டும் இடம். குளிப்பது, துவைப்பது, குடத்தில் பிடித்துப் போவது எல்லாம் அங்கேதான். அங்கே தண்ணீர் அதுவரை நான் பார்க்காத அளவுக்குத் தெளிந்திருந்தது. கல்லில் பாசி இல்லை. மேலே ஓடித்திரியும் பூச்சி இல்லை. அடியில் கிடந்த மணலை எண்ணலாம் போல இருந்தது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. பீலிக்கரையில் எந்த நேரமும் தவளை கத்தும். நாலு பெண்கள் சேர்ந்து துவைத்தால் தவளைக்கு மேலே குரல் எடுத்துத்தான் பேச வேண்டும். அன்று ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் விழுகிற ஓசை மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் குடத்தை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கோ சந்தோஷம். "ஆத்தா வரப்போறான்னு ஓடையக் கழுவி வச்சிருக்கா பாரு" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நண்டுகள்கூட அம்மனைக் கும்பிட வந்தவையாம். நான் ஏதோ சொல்லப் போக, "ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்ட" என்று வாயை அடைத்தார்கள். குறை கண்டுபிடிப்பவள் என்ற பெயர் எனக்கு முன்பே உண்டு.

விஷயத்தைச் சொன்னவள் அக்கா. அவள் புருஷன் மருந்தடிக்கிற கேங்கில் வேலை. தோட்டம் வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து அரசாங்கத்துக்கு மாறிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கம்பெனிக் காலத்துப் பூச்சி மருந்து, பெயர் அழிந்த பீப்பாக்களில், மலையுச்சி ஸ்டோரில் கிடந்து துருப்பிடித்துக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து பெரிய ஐயாமார் பார்க்க வருகிறார்கள், ஸ்டோர் துப்புரவாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. துப்புரவு செய்துவிட்டார்கள். பீப்பாக்களை ஓடையின் தலைமாட்டில் கவிழ்த்து, அங்கேயே கழுவியும் வைத்தார்கள். "வெளிய சொன்னா பத்துச்சீட்டுக் குடுத்துத் தொரத்திருவாங்களாம்டி. எங்க போறது நாங்க?" என்று அக்கா பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதாள். பத்துச்சீட்டு என்றால் வேலையும் போய், இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவும் போய், நடுத்தெருவில் நிற்பது.

அன்றிலிருந்து பிள்ளைமடுவத்துக்கு ஓடைத் தண்ணீரை நான் எடுக்கவில்லை. கூரைத் தகரத்திலிருந்து மழைத் தண்ணீர் பிடித்து வைத்த தொட்டி ஒன்று இருந்தது. அரசாங்கம் பிள்ளைகளுக்கு அனுப்பும் சத்துமாவை அதில்தான் கரைத்தேன். ஒரு கை சத்துமா கொடுக்கிறது, மறு கை ஓடையில் மருந்து ஊற்றுகிறது, இரண்டும் ஒரே உடம்பின் கைகள்தானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மழை போய்விட்டிருந்தது. தொட்டி இறங்கிக்கொண்டே வந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. எங்கள் தோட்டத்தில் திருவிழாக் கரகத்தை ஓடைக்கரையில்தான் பாலிப்பார்கள். செம்பில் ஓடைத் தண்ணீர் நிறைத்து, வேப்பிலை செருகி, பூச் சுற்றி, அம்மனை அதில் இறக்கிக் கோவிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்தச் செம்புத் தண்ணீரில் முதல் தீர்த்தம், அந்த வருடம் பிறந்த பிள்ளைகளின் வாயில் விடுவது வழக்கம். அந்த வருடம் முதலில் பிறந்தவள் அக்கா மகள்.

ஒரு போத்தலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினேன். அங்கே சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பக்கத்து மனிதர், தமிழில் பேசலாம் என்ற தைரியம். என்னை உட்காரச் சொன்னார், அதற்கு முன் எந்த அரசாங்கக் கந்தோரிலும் எனக்கு அது நடந்ததில்லை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல தெளிவாத்தானே பிள்ளை இருக்கு."

"அதுதாங்க ஐயா பயமா இருக்கு."

நண்டைச் சொன்னேன். தவளையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. போத்தலை மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தோட்டத்துக்குள்ள எனக்கு அதிகாரமில்லைப் பிள்ளை. அது தோட்ட நிர்வாகத்தின்ர பொறுப்பு. எல்லைக்கு இஞ்சால, கிராமத்துப் பக்கம் எண்டால் நான் ஏதும் செய்யலாம்."

"நிர்வாகமும் அரசாங்கந்தானேங்க. நீங்களும் அரசாங்கந்தானே?"

"ஓம். ஆனா வேற திணைக்களம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவர்மேலும்தான். முன்பெல்லாம் தோட்டத்தை நடத்தும் துரையோடு தகராறு என்றால் அரசாங்கத்திடம் போவோம் என்று மிரட்டவாவது முடிந்தது. இப்போது துரையே அரசாங்கம். எங்களில் பாதிப் பேருக்குப் பிரஜாவுரிமை இல்லை, ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவன் வாசலுக்கு எந்த எம்.பி. வருவான்? திரும்பி வரும் பஸ்ஸில், பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான் மிச்சம் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டொரு நாளில் ஓடைக்கரையில் ஒரு பலகை நட்டிருந்தது. தோட்டமும் சிங்களக் கிராமமும் பிரியும் இடத்தில் ஓர் எல்லைக் கல் உண்டு, அதற்குச் சரியாக ஒரு முழம் கீழே. முகம் கிராமத்தைப் பார்த்தபடி, முதுகு எங்களைப் பார்த்தபடி. நான் கல்லைத் தாண்டிப் போய் நின்று, டவுன் கடைகளைப் பார்த்துப் பழகிய சிங்கள எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். இந்த நீர் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் உகந்ததல்ல என்று இருந்தது. கல்லுக்குக் கீழே அது நஞ்சு. கல்லுக்கு மேலே அது வெறும் தண்ணீர். நடுவில் ஒரு கோடும் இல்லாமல் ஓடை போய்க்கொண்டிருந்தது.

பலகையில் இருப்பதைப் பூசாரியிடம் போய்ச் சொன்னேன். கொழுந்து மடுவத்தில் தராசு பிடிக்கிற பெரியவர் அவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். "போர்டு கெடக்கு அங்கிட்டு. நம்ம ஆத்தா தண்ணிக்கு அவனுங்க என்னா போர்டு வைக்கிறது?" என்று முடித்துவிட்டார்.

கரகம் பாலிக்கும் நாள் வந்தது. பொழுது சாயும் நேரம். ஊரே ஓடைக்கரையில் நின்றது. அக்கா புருஷன்தான் தப்பு அடிப்பவர். அவர் அடித்தால் மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கும். அக்கா குழந்தையோடு முன்வரிசையில் நின்றாள், தீர்த்தத்துக்காக; ஒதுங்கினால் ஏன் என்று கேட்பார்கள் என்ற பயம் அவளுக்கு. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, செம்பு தண்ணீரில் இறங்கினால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடிவிடுவது என்று நினைத்திருந்தேன். பூசாரி மஞ்சள் வேட்டியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிச் செம்பைச் சாய்த்தார்.

தப்பு நின்றது.

நடுவில், அடி முடியாமல், பாதியில் நின்றது. எல்லோரும் அக்கா புருஷனைப் பார்த்தார்கள். அவர் குச்சியைக் கீழே விட்டிருந்தார். அப்போதுதான் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது, அல்லது கேட்காமல் போனது. ஒரு தவளை இல்லை. ஒரு பூச்சி இல்லை. மாலை நேரத்தில் ஓடைக்கரையில் ஓர் உயிரின் சத்தமும் இல்லை. இத்தனை நாளும் பேச்சிலும் மேளத்திலும் மூடிக்கிடந்த அந்த வெறுமை, கூட்டத்தின் நடுவே வந்து நின்றது. கைப்பிள்ளைகள்கூட அழவில்லை. பூசாரி செம்பைச் சாய்த்த கையோடு தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அவர் முகத்தில் நான் கண்டது பயம்.

"புள்ளைக்கு அதக் குடுக்காதீங்க" என்றார் அக்கா புருஷன். "ஊத்துனது நாங்கதான். ஸ்டோர் மருந்து."

பூசாரி வெறும் செம்போடு கரையேறினார். கால் நடுங்கியது. அருள் வந்ததா, வெறும் நடுக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஆத்தா இந்தத் தண்ணியில இல்ல" என்றார். "செத்த தண்ணி இது. உசிரோட இருக்க தண்ணிக்குப் போவோம்."

உயிருள்ள தண்ணீர் தோட்டத்தில் ஓரிடத்தில்தான் இருந்தது. துரை பங்களாவுக்கு மேலே ஓர் ஊற்று, அதிலிருந்து குழாய். கரகம் எடுக்கப் புறப்பட்ட ஊர்வலம் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆக ஊர்வலம் மலையேறியது. அக்கா புருஷன் மறுபடி தப்பை எடுத்தார். பங்களா கேட்டுக்குள் அதுவரை கால் வைக்காத சனம், ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே போய்க் குழாயடியில் நின்றது. துரை வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. பிறகு பூசாரியின் கண்களைப் பார்த்தாரோ, கூட்டத்தைப் பார்த்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். "எடு, எடு" என்றார். அந்தத் தண்ணீரில்தான் அந்த வருடக் கரகம் நிறைந்தது. அக்கா மகள் நாக்கில் ஒரு சொட்டு விழுந்ததும் முகத்தைச் சுளித்தாள், எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மறுநாளே கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். பூட்ட முடியவில்லை. கரகத்தை ஓடையில் விட்ட பிறகுதான் காப்பை அவிழ்ப்பார்கள், அப்போதுதான் திருவிழா முடியும். "செத்த தண்ணியில ஆத்தாவ எப்புடி விடுறது?" என்று பூசாரி கேட்டார். ஆகவே திருவிழா முடியவில்லை, அம்மன் தண்ணீருக்குக் கேட்டைப் பூட்டத் துரைக்கும் துணிவு வரவில்லை. தினம் காலையில் கரகச் செம்புக்குப் பங்களாத் தண்ணீர், கூடவே பிள்ளைமடுவத்துக்கும் லயத்துக்கும் குடம் குடமாய். சித்திரை போய் வைகாசி வந்தது. கலியாணம் ஒத்திப்போன பெண் ஒருத்தி என்னைப் பார்த்தாலே முறைத்தாள். கருவாட்டு வாசத்துக்கே ஏங்கிப்போன ஆண்கள் பூசாரியைக் கண்டால் பெருமூச்சு விட்டார்கள். ஆனாலும் ஒருவர்கூடக் காப்பை அறுக்கவில்லை. பிள்ளையின் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் கயிறு இறுகியபோது, அக்கா அதைத் தளர்த்தி மறுபடி கட்டினாள்.

ஆடியில் கறுப்புக் குழாய் வந்தது. ஊற்றிலிருந்து பிள்ளைமடுவத்துக்கு ஒன்று, லயத்துக்கு ஒன்று. தோட்ட லொறியில் கரகத்தை ஏற்றிக்கொண்டுபோய் சுது கங்கை ஆற்றில் விட்டு, காப்பை அவிழ்த்து, அன்றைக்கே கோழி அடித்தோம். அக்கா புருஷனுக்குப் பத்துச்சீட்டு வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நானும்தான் ஆடினேன்.

குழாய் ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. ஓடையில் இனி யாரும் தண்ணீர் எடுப்பதில்லை அல்லவா. அதன்பிறகு மருந்துத் தொட்டிகளை ஒளிக்காமல், பட்டப்பகலில், பீலிக்கரையிலேயே கழுவினார்கள். ஒருநாள் கேட்கப் போனேன். "அதான் ஒங்களுக்குக் குழா குடுத்தாச்சே" என்றார் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. நஞ்சை நிறுத்துவதைவிட எங்களை நகர்த்துவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. கல்லுக்குக் கீழே பலகை இருந்தது, கல்லுக்கு மேலே குழாய் இருந்தது. ஓடைக்கென்று எந்தத் திணைக்களமும் இல்லை.

சில வருடங்கள் கழித்து, அக்கா மகளை அழைத்துக்கொண்டு கலேவெலயில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்த வயது, வாய் ஓயாத பிள்ளை. திரும்பும்போது மழை பெய்து விட்டிருந்தது. வயலோரத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். பொழுது மங்கியதும் வயல் முழுக்கத் தவளைகள் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தச் சத்தம்! எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

பிள்ளை என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஓடைக்கரையில் பிறந்து, ஓடைக்கரையில் வளர்ந்த பிள்ளை.

"சித்தி, போயிரலாம் சித்தி" என்று அழுதாள். "என்னமோ கத்துது. அது என்னா சித்தி?"