உயிர் சேராத சரக்கு

கங்கம்மாளுக்கு வேலை முத்திரை குத்துவது. டைரியின் பின் அட்டையில், கீழ் மூலையில், ஓர் இலைப் படமும் அதனடியில் ஒரு வரி இங்கிலீஷும். காலால் மிதித்தால் சூடான அச்சு இறங்கும், ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்கும், இலை பதிந்துவிடும். அந்த இங்கிலீஷுக்கு என்ன அர்த்தம் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து மேசை ஹலீமா பீயிடம் கேட்டாள்.

“இதுல எந்த உயிரும் இல்லன்னு அர்த்தம். தோலு இல்ல, எலும்பு இல்ல, கொழுப்பு இல்ல. இதுக்காவ ஒரு பிராணியும் சாவல. ஃபாரின்காரன் இந்த எலைய பாத்துட்டுத்தான் காசு குடுப்பான்” என்றாள் ஹலீமா பீ.

ஆம்பூரில் இருந்துகொண்டு தோல் படாமல் தொழில் செய்வதென்றால், அடைமழையில் நனையாமல் நடக்கிற கதைதான். டைரிக் கம்பெனி இருந்த கட்டடமே ஒரு காலத்தில் பச்சைத் தோலைப் பதனிடுகிற தோல் ஷாப்பு. தோல் ஊறிய குழிகளை மூடி சிமெண்ட் பூசி, அதன்மேல் மெஷின்களை நிறுத்தியிருந்தார் முதலாளி முனீர் அகமது. நாளெல்லாம் நடந்தால் எந்த இடத்தில் குழி இருந்தது என்று பாதத்துக்கே தெரிந்துவிடும். அந்த இடங்களில் தரை மட்டும் சில்லென்று இருக்கும்.

ஆனாலும் கங்கம்மாளுக்கு அந்த இலை பிடித்திருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் லோகநாதன் வேறொரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன். கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவன் ஏறி வரவில்லை. விஷவாயு என்றார்கள், நஷ்டஈடு என்றார்கள், பேப்பரில் போட்டோ போட்டார்கள். அதன்பின் அவள் தோல் என்ற வஸ்துவையே தொடுவதில்லை என்று இருந்துவிட்டாள். செருப்புகூட ரப்பர்தான். காவேரிப்பாக்கத்தில் அம்மா வீட்டோடு கொஞ்ச காலம் கிடந்து, ஏரிக் காற்றைக் குடித்து, பிறகு ஆம்பூருக்கே திரும்பி வந்து இந்த வேலையில் சேர்ந்தாள்.

உயிரோடு இருந்தவரை லோகநாதனுக்கு ஒரு வெட்கம் உண்டு. வேலை விட்டு வந்ததும் சிவப்பு சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்துக் குளிப்பான். சோப்பு வாசனை மேலே நிற்கும். அதற்கு அடியில், பிடரியிலும் நகக்கண்ணிலும், சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த நாற்றம் போகாமல் இருக்கும். “நாறுதா கங்கா?” என்பான். “நாறலியே” என்பாள் இவள். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், முத்திரை குத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அவன் வந்து நின்ற மாதிரி இருந்தது. யாரும் இல்லை. அட்டை ஒட்டிக் காய்ந்த டைரிகள் அடுக்கடுக்காக இருந்தன. நாற்றம் மட்டும் இருந்தது. அச்சு இறங்கி அட்டை சுடும்போதெல்லாம் யாரோ பக்கத்தில் மூச்சு விட்டது போல அது எழுந்து வந்தது.

“அக்கா, ஒண்ணும் நாறல?”

ஹலீமா பீ மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். “இன்னா நாத்தம்? ஒண்ணும் இல்லியே.”

மீன்காரிக்கு மீன் நாறுமா? ஆம்பூரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தோல் நாற்றம் நாற்றமாகத் தெரியாது. ஏரிக் காற்றில் கழுவிவிட்டு வந்த மூக்கு கங்கம்மாளுடையது ஒன்றுதான். மனிதர்களைச் சொன்னேன். நாய்களுக்குத் தெரிந்திருந்தது. சரக்கு ஏற்ற லாரி வரும் நாட்களில் எங்கிருந்தோ நாய்கள் வந்து கேட்டுக்கு வெளியே உட்காரும். குரைக்காது, சண்டை போடாது. அட்டைப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கும். கறிக்கடை முன்னால் நாய் உட்காருவது உலக வழக்கம், டைரிக் கம்பெனி முன்னால் உட்கார்ந்தால் என்ன சொல்வது? வாட்ச்மேன் கல்லெறிந்து ஓய்ந்து போனார்.

அது கம்பெனியோடு நின்றிருந்தால் கங்கம்மாளும் பேசாமல் இருந்திருப்பாள். வீட்டுக்கும் வந்தது.

டைரியோடு கம்பெனியில் பேனா பவுச்சும் தைப்பார்கள். தையல் கோணிப்போன ஒரு ரெக்சின் பவுச்சை அவள் கேட்டு வாங்கி வந்திருந்தாள். ஊசி, நூல்கண்டு, சேஃப்டி பின் போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம், லோகநாதன் வேலை விட்டு வருகிற அதே நேரம், அலமாரியிலிருந்து நாற்றம் வந்தது. ஜிப்பைத் திறந்தாள். சுண்ணாம்பு, பச்சைத் தோல், அதன்மேல் சிவப்பு சோப்பு. அவளுக்குப் பயமே வரவில்லை. அழுகைதான் வந்தது.

“வந்துட்டியா?” என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு இரண்டு தம்ளர் டீ ஊற்ற ஆரம்பித்தாள். ஒன்று அலமாரிக்கு முன்னால் ஆறிக்கொண்டிருக்கும். அந்த நாழிகையில் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை மறைத்து என்ன பயன்?

அடுத்த வாசலில் குடியிருந்த கொழுந்தன் செந்தில்குமார் அந்த இரண்டாவது தம்ளரைப் பார்த்துவிட்டான். நல்ல பையன், அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவன். கேட்டுக் கேட்டு விஷயத்தைப் பிடுங்கினான். முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணன் நிம்மதியில்லாம சுத்துது அண்ணி. உங்களையும் கூட்டிக்கும். வர்ற அமாவாசைக்கு ஒரு பூசாரிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அந்தப் பவுச்ச எடுத்துக்கினு வாங்க. புளியமரத்துல ஆணி அடிச்சு அதுலயே கட்டிடுவாரு.”

கங்கம்மாள் பவுச்சை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். மூடின தொட்டிக்குள் மூச்சு முட்டிச் செத்தவன். அவனை மறுபடி மரத்துக்குள் அடைப்பதா? ஆனால் வந்தது அவனல்ல, தன் புத்திதான் பிசகியிருக்கிறது என்றால்? இரண்டில் எது என்று அமாவாசைக்குள் தெரிந்தாக வேண்டும். கம்பெனியில் ஒவ்வொரு சாமானாக மோப்பம் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தாள். பேப்பரில் நாற்றம் இல்லை, ரெக்சினில் இல்லை. அட்டை ஒட்டும் அறையில் பசை காய்ச்சும் அண்டாவுக்குப் பக்கத்தில் போனபோது அதே நாற்றம் மூக்கில் ஏறியது. முன்பெல்லாம் வெள்ளைப் பசை போட்டார்கள். மழைக்கு முன்பு மாற்றிவிட்டார்கள். இது கட்டி கட்டியாக வந்தது, அல்வா போல, தொட்டால் ஆடியது. சூடு ஏறினால் உருகும், ஒட்டினால் நொடியில் பிடித்துக்கொள்ளும்.

முதலாளியிடமே போய்க் கேட்டாள். “பாய், இந்தப் பசையில தோலு எதுனா சேருதா?”

முனீர் அகமதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அரே, இன்னா கங்கம்மா இப்டி கேட்டுட்ட? செடியிலேர்ந்து எடுத்ததுன்னு பசைக்காரன் கையெழுத்து போட்டே குடுத்திருக்கான்.”

“அவன் சரக்குக்கு அவனே சாட்சியா? வேலிக்கு ஓணான் சாட்சின்ற கதையா இருக்கு பாய்.”

“அவன நம்பாம யார நம்பறது? நான் சொல்றேனே, போதாதா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “வூட்டுக்காரர் போன துக்கம் உனக்கு இன்னும் தீரல. ரெண்டு நாள் லீவு எடுத்துக்க, போ.”

அவர் கெட்ட மனுஷர் இல்லை. சரக்கு போக வேண்டும், அதனால் சுத்தம் என்றார். பசை விற்க வேண்டும், அதனால் பசைக்காரன் செடி என்றான். ஆணி அடிப்பது பூசாரியின் பிழைப்பு, அவர் பேய் என்றார். சரி, கங்கம்மாள் மட்டும்? லோகநாதன்தான் வந்திருக்கிறான் என்று இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பஸ்ஸில் வரும்போது இதை யோசித்துப் பார்த்தவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை பேரில், எது நிஜமானாலும் தனக்கொன்றும் இல்லை என்று நிற்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லை.

அந்த ஆள் தானாகவே வந்து சேர்ந்தாள். நீங்களே குத்திக்கொள்ளும் இலையை ஒப்புக்கொள்ள முடியாது, வெளியாள் வந்து சோதித்துச் சான்று தந்தால்தான் சரக்கை எடுப்போம் என்று ஃபாரின்காரன் சொல்லிவிட்டானாம். சோதிக்க வந்தவள் பூர்ணிமா என்ற பெண். வருகிற நாளைச் சொல்லாமல் வந்து இறங்கினாள். முனீர் அகமது பதறிப்போய்ப் பிரியாணிக்கு ஆள் அனுப்பினார்.

“வேணாம் சார், தயிர்சாதம் கொண்டாந்திருக்கேன்” என்றாள்.

ஆம்பூருக்கு வந்து பிரியாணி வேண்டாம் என்கிறவளை அன்றைக்குத்தான் அந்தக் கம்பெனி பார்த்தது. முனீர் அகமதுக்கு மனசு சுருங்கிவிட்டது.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. இந்த வேலையில நான் நினைக்கக் கூடாது.”

மேனேஜர் பொறுக்கி வைத்த டைரிகளை அவள் தொடவே இல்லை. கட்டி முடித்து லாரிக்குக் காத்திருந்த பெட்டிகளில் ஒன்றை அவளாகப் பிரித்தாள். அடியிலிருந்து உருவினாள். அண்டாவில் இருந்த பசையைக் கரண்டியால் மொண்டு சின்னச் சின்னப் புட்டிகளில் ஊற்றி மூடி, மேலே தன் கையெழுத்தைப் போட்டு ஒட்டினாள். வாசலில் நாய்கள் உட்கார்ந்திருந்ததையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

கங்கம்மாள் அவளைக் குழாயடியில் மடக்கினாள். மத்தியானம் வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருந்த பவுச்சை நீட்டினாள்.

“நீங்க எடுத்துக் குடுக்கறத நான் வாங்கக் கூடாதுக்கா.”

“இது கம்பெனிக்காவ இல்லம்மா, எனக்காவ. இதுல தோலு இருக்குதா இல்லியான்னு மட்டும் பாத்துச் சொல்லு. புண்ணியமாப் போவும்.”

பூர்ணிமா வாங்கி முகர்ந்து பார்த்தாள். “பிளாஸ்டிக் வாசனைதான் வருது.” பிறகு கங்கம்மாளின் கண்ணைப் பார்த்தவள், கத்தரிக்கோலை எடுத்தாள். உள்துணியில் ஒரு துண்டு, ரெக்சினில் ஒரு துண்டு, நூலில் கொஞ்சம் கத்தரித்துத் தனி உறையில் போட்டுக்கொண்டாள். “இது ரிப்போர்ட்ல வராது. போன்ல சொல்றேன்.”

அமாவாசைக்கு முதல் நாள் ரிப்போர்ட் வந்தது. பசையில் தோல் இருந்தது. பசைக்காரனை உலுக்கியபோது உண்மை விழுந்தது. தோல் ஷாப்புகளில் சீவி எறிகிற சவ்வையும் வெட்டுத் துண்டையும் காய்ச்சி எடுக்கிற பசை அது. விலை கம்மி என்று எங்கிருந்தோ வாங்கி, செடி என்று சொல்லி விற்றிருக்கிறான். முனீர் அகமது தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்து நேரே கங்கம்மாளின் மேசைக்கு வந்தார்.

“உன் மூக்கு பொய் சொல்லல கங்கம்மா. அவன் பேச்ச நம்பி நான்தான் மோசம் போய்ட்டேன். இனிமே வெளியாளு பாத்து சரின்னு சொல்ற வரிக்கும் அந்த எலைய குத்தாத.”

“யா அல்லா, இத்தினி நாளா பொய்யவா குத்திக்கினு இருந்தோம்?” என்று ஹலீமா பீ வாயில் கைவைத்தாள்.

தன் புத்தி பிசகவில்லை. கங்கம்மாளுக்கு அந்த நிம்மதி ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது. மத்தியானத்துக்குள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள், பசைக் கட்டிகளையும் அதில் ஒட்டிய டைரிகளையும் வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்திவிட்டார்கள். நாய்கள் வண்டிக்குப் பின்னாலேயே போய்விட்டன. நாற்றம் போன அறையில் நின்றபோது, புருஷன் இரண்டாம் தரம் செத்த மாதிரி இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் யாருக்கு டீ ஊற்றினேன், பசைக்கா?

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் போன் அடித்தது.

“அக்கா, பூர்ணிமா பேசறேன். உங்க பவுச்சு துண்டு ரெண்டு தரம் பாத்தாச்சு. எதுவுமே இல்ல. அதுல பசையே போடல, வெறும் தையல்தான். ரெக்சின், பருத்தி நூல். எந்தப் பிராணியும் அதுல இல்ல.”

“நல்லாப் பாத்தியாம்மா?”

“எனக்கு இதுல லாபமும் இல்ல, நஷ்டமும் இல்லக்கா. இருந்தா இருக்குன்னு சொல்லியிருப்பேன்.”

கங்கம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டாள். அலமாரியில் பவுச்சு இருந்தது. காலையில் இழுத்து மூடிய ஜிப்பு பாதி திறந்திருந்தது. சுண்ணாம்பு, பச்சைத் தோல். அதன்மேல், இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி ஈரமாக, சிவப்பு சோப்பு.

“அண்ணி.” செந்தில்குமார் வாசலில் நின்றான். “கம்பெனி விஷயம் கேள்விப்பட்டேன். பூசாரி போன் போட்டுட்டே இருக்காரு. நாளைக்கு வர்றோம்னு சொல்லவா, வேணாவா? எல்லாம் அந்தப் பசைதானா? நிச்சயமா தெரிஞ்சிடுச்சா?”

“தெரிஞ்சிடுச்சிப்பா. வெளியாளு வந்து பாத்துச் சொன்னதுதான்.”

“அந்தப் பவுச்சும்?”

முதலாளியின் முகத்துக்கு நேரே ஓணான் கதை சொன்னவள், இப்போது தானே அந்த ஓணானாக வேலியில் ஏறி உட்கார்ந்து தலையை ஆட்டினாள்.

“அதுவும் பசைதான். பூசாரிய வேணான்னு சொல்லிடு.”

அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனான். கங்கம்மாள் கதவைச் சாத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். டீ கொதித்ததும் இரண்டு தம்ளரில் ஊற்றினாள்.