இரும்பு ஜோடியோடு கம்புச் சண்டைக்குப் போனது

வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதால் அதன் பிறகு எந்தக் கரும்புத் தோட்டத்திலும் என்னைச் சேர்க்கவில்லை. சேன் பியேர் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கூலியாட்களை நடத்தும் சர்தார் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: கரும்பு வெட்டு தொடங்குமுன் நடக்கும் கம்புச் சண்டையில் ஜெயித்தால் என்னை ஆளெடுப்பில் சேர்த்துக்கொள்வார். ஆனால் அது ஜோடிச் சண்டை. என்னோடு நின்றால் தன் வேலையும் போகும் என்று எவனும் வரவில்லை.

சர்க்கரை ஆலைப் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்தவன் நான். கழித்துப் போட்ட தகடு, பல்சக்கரம், சுருள்வில், கரும்பு டிராலியின் சக்கரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஆளுயரத்தில் ஒரு பொம்மை செய்தேன். முதுகில் கைப்பிடி. முறுக்கி விட்டால் இரண்டு கையும் கம்போடு சுழலும். என் கம்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதைத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை.

மைதானத்தில் சிரித்தார்கள்.

"போனோம் ஃபேர் வந்துட்டான்! இரும்பு மனுசனுக்குச் சோறு யாரு போடுவா, தம்பி, மோ ஃப்ரேர்?"

"எண்ணெய் போதும்" என்றேன். "உன்னைவிடக் குறைச்சலாத் தின்பான்."

முந்தின ஆண்டு ஒருவனுக்குக் கண் போன சண்டை அது. தலைக்கு அடிக்கத் தடையில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: எதிரி விழுந்தால் கம்பைத் தாழ்த்தி, கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே பழகியதால் எல்லாரும் யோசிக்காமல் செய்வார்கள்.

சுழலும் கம்புகளைத் தாண்டி வர முடியாமல் முதல் இரண்டு ஜோடிகள் தோற்றன. கடைசியில் கரும்பு வண்டிக்காரர் ஒருவரும் அவர் தம்பியும் வந்தார்கள். தம்பி சக்கரத்துக்குக் குறுக்கே கம்பை விட்டான். பொம்மை குப்புற விழுந்தது.

வண்டிக்காரர் உடனே கம்பைத் தாழ்த்தினார். குனிந்து, அந்த இரும்புக்குக் கை நீட்டினார்.

சுருள்வில் இன்னும் தளரவில்லை. மண்ணில் சிக்கியிருந்த பொம்மையின் கை எந்த நொடியும் விடுபட்டு அவர் மணிக்கட்டை நொறுக்கியிருக்கும். என் கம்பைப் பல்சக்கரத்துக்குள் செருகினேன். கம்பு முறிந்தது. சக்கரம் நின்றது.

அவர் கையை இழுத்துக்கொண்டு முறிந்த கம்பைப் பார்த்தார். பிறகு மைதானத்தில் போட்டிருந்த எல்லைக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். "இவனை நான் அடிக்க மாட்டேன். நீ வேணும்னா பாரு" என்றார் தம்பியிடம்.

"கம்பு இல்லையே, போயிடு அண்ணே" என்றான் தம்பி என்னிடம்.

போனால் அந்த ஆண்டும் வேலை இல்லை. பொம்மையின் பிடியிலிருந்த கம்பை உருவி எடுத்தேன்.

அவன் என்னைவிட வேகம். முதல் அடி வலது தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கம்பை இடது கைக்கு மாற்றி, அவன் முழங்காலையே குறி வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு அடி வாங்கிய பிறகு அவன் கால் மடங்கி விழுந்தான். கம்பைக் கீழே போட்டேன். அப்போதுதான் கை நீட்ட முடிந்தது. அவன் பிடித்து எழுந்தான்.

சர்தார் என் தோளைப் பார்த்தார். "இந்தக் கையோட எப்படி வெட்டுவே?"

"நாளைக்குப் பாருங்க" என்றேன்.

மறுநாள் வலது கையைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். மாலைவரை இடது கையால் வெட்டினேன். வெட்டு கோணல்மாணலாக இருந்தது. சர்தார் இரண்டு முறை வந்து பார்த்தார். போகச் சொல்லவில்லை.