பருத்திமார் புகை

அடுப்பில் பருத்திமார், அந்தக் காய்ந்த பருத்திச்செடிக் குச்சிகள், எரியும் வாசம் எங்காவது வந்துவிட்டால், ராஜபாளையத்துக் கண்மாய்க்கரை எனக்குள் எழும்பிவிடும். அக்கரையில் பஞ்சு மில், இக்கரையில் எங்கள் ஓலைக் குடிசைகள், நடுத் தண்ணீரில் தலைகீழாக ஆடும் மில்லின் புகைபோக்கி.

ஒருநாள் மில்லைப் படம்பிடிக்க வந்தவர், குடிசைப் புகை மறைக்கிறது, அடுப்புகளை அணையுங்கள் என்றார். எல்லாரும் அணைத்துவிட்டுக் கரையில் விறைப்பாக நின்றோம். அம்மா மட்டும் வெளியே வரவில்லை.

"சங்கு ஊதப் போவுதுய்யா, சோறு வேகாம நான் எப்படி மில்லுக்குப் போவேன்?" என்று உள்ளிருந்தே கத்தினாள். ஆறு வயதுக்காரியான எனக்கு மானமே போனது. பிலிமில் கடைசிப் படம், வெயிலும் இறங்குகிறதென்று அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்.

இன்று குடிசைகளும் இல்லை, கண்மாயும் இல்லை. அம்மாவை யாரும் படம் எடுத்ததுமில்லை. என்னிடமுள்ள அந்தப் படத்தில் ஒரே ஒரு கூரையிலிருந்து புகை எழும்புகிறது. பேத்திகளிடம் அதைத் தொட்டுக் காட்டி, "இதுதான் எங்க அம்மா" என்பேன்.