திரையில் ஒரு கட்டம், நோட்டில் இரண்டு வரி

அந்தத் துணைமின்நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆபரேட்டராக இருக்கும் பெண்ணுக்கு லைன்மேன்கள் வைத்த பெயர் நோட்டக்கா. பாராட்டு அல்ல, கிண்டல்தான். கம்பத்தில் ஏற வேண்டுமானால் அவரிடம் போனில் லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தித் தரும் அனுமதி, கேட்க வேண்டும். அந்த லைனுக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்சான பிரேக்கரை அவர் நிறுத்துவார். பிறகு பீரோ உயரமுள்ள அந்தச் சாதனத்தைச் சக்கரத்தோடு கூண்டுக்கு வெளியே இழுத்து வைப்பார். வெளியே இருந்தால் யார் தவறிப் போட்டாலும் லைனுக்கு மின்சாரம் போகாது. கேட்டவர் யார், எத்தனை மணி என்பது நோட்டில் ஏறும். கேட்டவரே தன் குரலில் "இறங்கிட்டோம்" என்றால்தான் மின்சாரம் திரும்பும். ஒருமுறை பெரிய அதிகாரி அவசரப்படுத்தியபோது, "கம்பத்துல இருக்கறது நீங்களா சார்?" என்று கேட்டார்.

நாத்தனார் புருஷனும் அதே பகுதியில் லைன்மேன். பொதுச்சுவர்த் தகராறில் இரண்டு வீட்டுக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. போனில் மட்டும் பேசியாக வேண்டும்.

"லைன் கிளியர் வேணும்."

"குடுத்தாச்சு. பத்து இருபது."

அண்ணா என்றும் இல்லை, தங்கச்சி என்றும் இல்லை. தையல்காரரான கணவர் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பார்: "உங்க அண்ணன் இன்னைக்கு என்ன பேசினாரு?"

"நாலு வார்த்தை. ஏறும்போது மூணு, இறங்கும்போது ஒண்ணு."

போன வருடம் நகரத்தில் கட்டுப்பாட்டு மையம் திறந்தார்கள். அங்கே உட்கார்ந்தபடி நாற்பது நிலையங்களின் பிரேக்கர்களைத் திரையில் தொட்டு இயக்கலாம். மழைக்காலத்தில் பழுது எங்கே என்று அது நொடியில் காட்டியதை நோட்டக்காவே ஒத்துக்கொள்வார். அவருடைய கோபம் கூடவே வந்த உத்தரவின் மேல். இனிப் பிரேக்கரை வெளியே இழுக்கக் கூடாது, திரையில் பூட்டினால் போதும். இழுத்தால் மின்சாரம் திரும்ப ஐந்து நிமிடம் கூடுகிறது. மையத்தின் மாத அறிக்கையில் அது சிவப்பாகத் தெரிகிறது. அந்தத் திரையிலும் லைன் கிளியர் பதிய ஒரு லைனுக்கு ஒரே கட்டம்தான்.

"ஒரே லைன்ல ரெண்டு குழு ஏறினா எங்க எழுதறது?" என்று பயிற்சி வகுப்பில் கேட்டார்.

"அது ரொம்ப அபூர்வம்மா," என்றார் பொறியாளர்.

வாரத்துக்கு ஒருமுறை நடப்பது எப்படி அபூர்வமாகும் என்று வீடு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் அந்த அபூர்வம் நடந்தது. முதல் குழு கிளை வெட்ட ஏறியது. அதே லைனில் நாத்தனார் புருஷனின் குழு இன்சுலேட்டர் மாற்ற ஏறியது. நோட்டில் இரண்டு வரி ஏறியது, திரையின் கட்டத்தில் முதல் குழு மட்டும். கம்பியைத் தரையோடு இணைத்து ஆளைக் காக்கும் எர்த் ராடு இரண்டு குழுவுக்கும் சேர்த்து ஒரு செட்தான். அது முதல் குழுவிடம் இருந்தது. உத்தரவுப்படி பிரேக்கர் கூண்டுக்குள்ளேயே நின்றது. முதல் குழு வேலை முடிந்து ராடைக் கழற்றிக்கொண்டு, தன் செல்போனில் அதைப் பதிந்ததும் திரையின் ஒரே கட்டம் காலியானது. பூட்டு தானாகத் திறந்தது.

மையத்திலிருந்து போன். "மேடம், கிளியர் ஆயிடுச்சு. லைனைப் போடறேன்."

"போடாதீங்க. இன்னொரு குழு மேல இருக்கு."

"சிஸ்டத்துல இல்லையே."

"கம்பத்துல இருக்கு."

"இருங்க, கேட்டுச் சொல்றேன்."

அவர் இருக்கவில்லை. ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு ஓடினார். கைப்பிடியைப் பிடித்து இழுத்த இழுப்பில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. சக்கரங்கள் உருண்டு பிரேக்கர் வெளியே வந்தது. கட்டளை வரும் ஒயர் மட்டும் இன்னும் அதில் செருகியிருந்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, கேட்டுச் சொல்வதாகச் சொன்ன மையத்தின் கட்டளைக்கே பணிந்து அது டொக்கென்று மூடி ஆன் ஆனது. கூண்டுக்குள் இருந்திருந்தால் லைனில் மின்சாரம் பாய்ந்திருக்கும்.

நான்காம் நாள் மெமோ வந்தது. அனுமதியின்றிப் பிரேக்கரை வெளியே எடுத்ததற்கும் பதினெட்டு நிமிடத் தாமதத்துக்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"வருத்தம்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா, முடிச்சிடலாம்," என்றார் பொறியாளர்.

"எதுக்கு சார் வருத்தம்? ரெண்டு பேர் உயிரோட இறங்கினதுக்கா?"

"கோபப்படாதீங்க."

"அது மூடின சத்தத்தை நீங்க கேக்கல சார். கேட்டிருந்தா மெமோ வேற ஆளுக்குப் போயிருக்கும்."

நோட்டிலிருந்த இரண்டு வரிகளையும் அப்படியே விளக்கத் தாளில் எழுதினார். கீழே, "இரண்டாவது வரிக்கு உங்கள் திரையில் இடம் இல்லை. இடம் வரும்வரை இழுத்துத்தான் வைப்பேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இடமாற்றம் வரும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை காலை போன் அடித்தது. நாத்தனார் புருஷன்தான்.

"லைன் கிளியர் வேணும்."

"குடுத்தாச்சு. ஒன்பது ஐம்பது."

வழக்கமாக அதோடு இணைப்பு அறுந்துவிடும். அன்று அறுபடவில்லை.

"இழுத்து வச்சிட்டியாம்மா?"

"வச்சாச்சு. ஏறுங்க."

மேசையில் மையத்தின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நோட்டில் நேரத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் அதை எடுத்தார்.