அழகையாவின் ஊமைக் கடிகாரம்

ராஜகுமாரி ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்துவிட்டால், நிக்கோபாரின் கட்சால் தீவே திரண்டு வந்தாலும் அவளை அசைக்க முடியாது. பெயரில்தான் ராஜகுமாரி, பிழைப்பு ரப்பர் பால் வெட்டுவது. ஆனால் அவள் வீட்டில் நிஜமாகவே ஒரு ராஜா சொத்து இருந்தது. தங்கக் கடிகாரம்.

வடக்கே ஏதோ ஒரு சமஸ்தானத்து ராஜா சொல்லிச் செய்ததாம். சபையில் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தால் வந்திருப்பவர் மனம் கோணும் அல்லவா? அதனால் சட்டைப்பைக்குள்ளேயே விசையை அமுக்கினால் போதும், எத்தனை மணி, எத்தனை கால்மணி என்று உள்ளங்கையில் தட்டிச் சொல்லிவிடும். சத்தமே வராது. மூடியில் கிரீடமும் மயிலும். ராஜா அதை இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரைக்குக் கொடுத்தார். துரை ஊரைவிட்டுப் போகும்போது பங்களா சமையல்காரருக்குக் கொடுத்தார். அந்தச் சமையல்காரரின் மகன்தான், பின்னால் இலங்கையிலிருந்து கட்சாலுக்கு வந்து குடியேறிய ராஜகுமாரியின் கணவர் அழகையா.

ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட் தெறித்து அழகையாவுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. வயதாக ஆகக் காதும் போயிற்று. மனிதர் அசரவில்லை. விடிவதற்கு முன்பே கடிகாரத்தை அமுக்கிப் பார்த்து, பால் வெட்டும் நேரத்துக்கு மனைவியை எழுப்பிவிடுவார். ஒரு நாள் தவறியதில்லை. வீட்டில் அவருக்கென்று மிச்சமிருந்த வேலை அதுவும், ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷினின் கைப்பிடியைச் சுற்றுவதும்தான்.

அந்த மிஷினே வினையாகிவிட்டது. கழுத்தில் கயிற்றில் தொங்கிய கடிகாரம், அவர் குனிந்த நேரம் பார்த்து ஷீட்டோடு சேர்ந்து உருளைக்குள் போய்விட்டது. மூடி நசுங்கி, விசை இறுகிக்கொண்டது. மறுநாளிலிருந்து ராஜகுமாரி போனில் அலாரம் வைத்து எழுந்தாள். பாயில் அது அதிர்வது அவருக்கும் தெரிந்தது. அழகையா மிஷின் பக்கமே போகாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தார். அவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கடிகாரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கப்பல் ஏறிவிட்டாள்.

போர்ட் பிளேயரில் கடிகாரக் கடை வைத்திருக்கும் சந்திரமோகன் லென்ஸை வைத்துப் பார்த்தவர், எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மா, இது அசல் ராஜா பொருள். மெயின்லேண்டுல இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. நசுங்கினது பரவாயில்ல, அப்படியே வாங்கிப்பாங்க."

"விக்க வரல்ல தம்பி. இது தட்டணும்."

"விசைய எடுக்கணும்னா மூடிய அறுத்துத்தான் ஆகணும். அறுத்தா ராஜா முத்திரை போச்சு. மதிப்பு கதம், காசு தேறாது."

"அறுங்க."

"அரே, கொஞ்சம் யோசிங்கம்மா. பேசுற வாட்ச் இருக்கு. பட்டன அமுக்கினா நேரம் சொல்லும்."

"அவருக்குக் காது கேக்காது."

"முள்ளத் தொட்டுப் பாக்கிற வாட்ச்?"

"வெரல் நுனியெல்லாம் ஆசிட்டுல மரத்துப்போச்சு. உள்ளங்கையிலதான் இன்னும் உசுரு இருக்கு. ராஜா செத்து எத்தனையோ காலமாச்சு தம்பி. எங்க ஆளு உசுரோட இருக்காரு. அறுங்க."

சந்திரமோகன் மனமில்லாமல்தான் மூடியை அறுத்து, விசையைச் சரிசெய்து கொடுத்தார்.

அழகையாவுக்கு அந்த மயில்மேல் தனிப் பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து அதைத் தடவ வைப்பார். கேட்காமல் அறுத்துவிட்டோமே, என்ன சொல்வாரோ என்று கப்பலில் திரும்பும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். பயந்தாள்தான். ஆனால் தப்புச் செய்ததாக ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் அறுத்த மூடியையும் வைத்தாள். மூடியை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது.

அவர் மூடியைப் பாயில் வைத்துவிட்டு விசையை அமுக்கினார். உதடு அசைய எண்ணினார். இன்னொரு தடவை அமுக்கி எண்ணினார்.

"நாளைக்குப் போனுல அலாரம் வச்சு எந்திரிக்காத," என்றார். "நான் எழுப்புறேன்."