தாவாத பாட்டு

ஷேர் ஆட்டோ ஓட்டும் காளை மூன்றாவது கியருக்குப் போகிறான் என்றால் அங்கே புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அவனியாபுரத்துக்கும் பெரியார் பேருந்து நிலையத்துக்கும் நடுவே அந்த அதிசயம் இரண்டே இடத்தில்தான் நடக்கிறது. மற்ற ஷேர் ஆட்டோக்கள் எங்களைக் கடந்து பறக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பேன். காளையின் கண் முழுக்க முன் கண்ணாடிக்குக் கீழே தொங்கும் சிடி பிளேயர் மேல்தான்.

கையில் வைத்துக் கேட்க வேண்டிய வட்டப் பெட்டி அது. மலேசியாவில் இருக்கும் மச்சினன் கொண்டுவந்து கொடுத்தது. சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துத் தொட்டில் கட்டி, பழைய தலையணைப் பஞ்சை அடைத்து, அதில் கிடத்தியிருக்கிறான். இரண்டு குட்டி ஸ்பீக்கர் வேறு. இத்தனை சீராட்டியும் சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் போதும், பாட்டு நாலு வரி தாவிவிடும். அப்போது தன் மேலேயே அடி விழுந்ததுபோல் "ஸ்ஸ்" என்பான்.

"பேசாம கேசட்டப் போட்டுட்டு வெரசா ஓட்டேன்ப்பா" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"கேசட்டு கெணத்துக்குள்ள விழுந்தாலும் பாடும்ணே. இது அப்படியில்ல. வண்டி குலுங்குச்சுன்னா ஒடனே சொல்லிரும்" என்றான். குறையைச் சொன்னால் பெருமையாக எடுத்துக்கொள்கிறவனிடம் என்ன பேசுவது?

முட்டை விற்கும் சுந்தரம்மாள் மட்டும் அவன் கட்சி. "எம்புட்டு நேரமானாலும் காளை வண்டிதான். ஒரு முட்டை உடைஞ்சதில்ல" என்று அட்டைகளை மடியில் அடுக்கிக்கொண்டு அரைமணி நேரம் காத்திருப்பாள்.

விஷயத்தை எனக்குச் சொன்னதும் அவள்தான். காளையின் மனைவி முத்துமீனாவுக்கு ஏழாவது மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு முறை கரு தங்கவில்லை. வண்டிக் குலுக்கலே ஆகாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போக இருப்பதோ இந்த ஆட்டோ.

"எனக்கு ஒடம்பு மரத்துப்போச்சுண்ணே, குலுங்குறதே தெரியாது. அவளும் வாயத் தொறந்து சொல்ல மாட்டா. அதான் இதுகிட்டக் கேட்டுக்கிர்றேன்" என்றான் காளை. ஆக, நாங்கள் தினமும் போய்வந்ததெல்லாம் ஒத்திகை. அன்று முதல் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். பார்க்கத்தான் செய்கிறேன். பல்லைக் கடிப்பதில்லை, அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக முத்துமீனாவும் எங்களோடு வந்தாள். வழியில் யாரோ குழாய் பதிக்கத் தோண்டி, கல்லும் மண்ணுமாக அரைகுறையாய் மூடியிருந்தார்கள். முந்தின நாள் அது இல்லை. காளை இன்ஜினை அணைத்தான்.

"எல்லாரும் எறங்குங்க. மீனா, நீ அசையாத, கல்லுல கால் இடறிரும்."

வெளியே நின்று ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தோளால் வண்டியை நெம்பினான். முட்டையை ஓரமாக வைத்துவிட்டு சுந்தரம்மாளும், ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டே நானும் பின்னாலிருந்து தள்ளினோம். முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்சக்கரங்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. எங்கள் காதெல்லாம் பாட்டின் மேல். அது ஒரு வரிகூடத் தாவவில்லை.

"தாவலீங்க!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் முத்துமீனா.

"சரி, ஏறி எடுப்பா, நேரமாச்சு" என்று நான் திரும்பினால் காளையைக் காணோம். பள்ளத்துக்கே திரும்பிப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"திரும்பி வாரதும் இந்த வழிதானண்ணே."

துருத்திக்கொண்டிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரத்தில் எறிந்துவிட்டு, மண்ணை இரண்டு உள்ளங்கையாலும் மெல்லத் தட்டித் தட்டிச் சமப்படுத்தத் தொடங்கினான்.